பெட்ரோல் மூடியில் ஒரு சந்தனப் பொட்டு

முத்துவீரன் கங்காணி பொய் சொல்கிறார்.

பல வருஷத்துக்கு முன்னால் தோட்டத்துத் துரையின் கார் ஷெட்டில் நின்று சொன்னதும் பொய். போன மாதம் தலவாக்கலையில், தன் அறுபதாம் கல்யாணத்தன்று கழுத்து நிறைய மாலையோடு நின்று சொன்னதும் அதே பொய். "தொரை கார்ல சீனியப் போட்டு எஞ்சினக் கெடுத்தவன் டிரைவர் சவரிமுத்து. அவனக் கண்டுபுடிச்சுக் குடுத்து தோட்டத்தக் காப்பாத்துனவன் நானு" என்று மைக்கில் சொன்னார். கூட்டம் கை தட்டியது. வடை பாயசத்தோடு சாப்பாடு போட்டால் தட்டத்தான் செய்வார்கள்.

அந்த எஞ்சினைப் பிரித்துப் பார்த்தவன் நான். சீனி இல்லை. ஒரு மணி சீனிகூட இல்லை.

யுத்த காலத்தில் பட்டாளத்து ஒர்க்‌ஷாப்பில் நான் மோட்டார் வேலை பழகிய கதையை இந்த வாரம் எழுதுவதாக இருந்தேன். அது கிடக்கட்டும். போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், கொஞ்சம் மரியாதையான மொழியில் எழுதலாமே என்று கேட்டிருக்கிறார். ஐயா, எனக்கு இருப்பது இந்த மொழிதான். இந்த வாரம் இன்னும் மோசமாக இருக்கும். பிடிக்காவிட்டால் பக்கத்தைப் புரட்டிவிடுங்கள்.

நடுரோட்டில் துரை

லிந்துலைக்குக் கீழே ரோடு மடங்கித் திரும்புகிற ஒரு முடக்கு இருக்கிறது. அங்கேதான் அந்தக் கார் செத்து நின்றதை முதலில் பார்த்தேன்.

ஆயுத பூஜை முடிந்து கொஞ்ச நாள் ஆகியிருந்தது. மழை பெய்யவும் இல்லை, விடவும் இல்லை. தோட்டத்தில் தேயிலை அரைக்கிற ஸ்டோரில் எஞ்சின் ரிப்பேர் பார்த்துவிட்டு, தேயிலைப் பெட்டி ஏற்றிய தோட்டத்து லாரியில் தலவாக்கலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு கராஜில் எனக்கு வேலை. லாரியை ஓட்டியவர் சவரிமுத்து. அவர் தோட்டத்து டிரைவர். யூனியனின் தோட்டக் கமிட்டிக்கும் அவர்தான் தலைவர். என்னைவிட மூத்தவர், அண்ணே என்று கூப்பிடுவேன்.

முடக்கில் திரும்பினால் ரோட்டில் துரை. தலையில் தொப்பி இல்லை. வெள்ளைக் காற்சட்டை முழங்கால்வரை சேறு. தன் காரைத் தானே தள்ளிக்கொண்டிருந்தார்.

மேலே மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். அதில் ஒருத்தி சத்தம் போட்டுச் சொன்னாள்:

"அடியே, தொரைக்கு ஒரு கூடயக் குடுங்கடி! எறங்குனது எறங்கிட்டாரு, அர நாள் கூலிப் பேருக்காச்சும் கொழுந்து எடுக்கட்டும்!"

மலை முழுக்கச் சிரித்தது. மேற்பார்வைக்கு நின்ற சில்லறைக் கங்காணி அதட்டிப் பார்த்தான். அடங்கவில்லை. துரைக்குத் தமிழ் விளங்கும், அரைகுறையாகப் பேசவும் வரும். காது மடல் சிவந்துபோனது.

சவரிமுத்து சிரிக்கவில்லை. லாரியை ஓரம் கட்டி இறங்கினார். "சலாங்க தொரை. கயிறு இருக்கு. கட்டி இழுக்கட்டுங்களா?"

"நீ போ."

"மழையில நிக்கிறீங்களே தொரை."

"போ சொன்னேன்!"

துரை காருக்குள் ஏறி இன்னொரு தடவை ஸ்டார்ட் செய்தார். பிடித்துக்கொண்டது. ஒன்றுமே நடக்காதது போலச் சீறிக்கொண்டு போனது.

சவரிமுத்து லாரியில் ஏறி கியரைப் போட்டார். பிறகு சொன்னார்: "சிரிச்சவளுக மொகம் தொரைக்குத் தெரியாது தம்பி. நானு மொகத்துக்கு நேரா நின்னுட்டேன்."

அந்தக் காரும் அந்தப் பூஜையும்

இரண்டு பேர் மட்டும் உட்காரலாம். கரும்பச்சை நிறம். துணிக்கூரை. கம்பி வைத்த சக்கரம். நீண்ட மூக்கு, அதைத் தோல் வாரால் கட்டியிருக்கும். இரண்டு கார்புரேட்டர். பெட்ரோல் டாங்கி பின்பக்கம் பெட்டி போல வெளியே தெரியும். அதன் மேல் கண்ணாடி மாதிரி மினுங்குகிற ஒரு மூடி. சீமையில் பந்தயத்துக்கு ஓட்டுகிற ஜாதிக் கார் என்பார்கள். நம் ரோட்டில் அது பந்தயம் ஓட்டியது மாட்டு வண்டியோடும் லாரியோடும்தான்.

இந்த மாதிரிக் கார்கள் மலைக்கு வந்தால் சண்டித்தனம் செய்யும். கொழும்பில் கார்புரேட்டரைச் சரி பார்த்துக் கொடுப்பார்கள். நுவரெலியா ஏறும்போது கரும்புகை கக்கும். மேலே காற்று மெல்லிசு. ஏற்றம் ஏறும் மனுஷனுக்கு மூச்சு வாங்குவது போலத்தான். பெட்ரோலைக் குறைத்து வைத்தால் சரியாகிவிடும். இதைப் புரிந்துகொள்ளாமல் நல்ல எஞ்சினை இறக்கிப் பார்த்துக் கெடுத்த மெக்கானிக்குகளை எனக்குத் தெரியும். பெயர் சொன்னால் சண்டைக்கு வருவார்கள்.

துரை அந்தக் காரை யாரையும் தொட விடமாட்டார். பங்களாவில் சமைக்க ஆள் உண்டு, சப்பாத்துத் துடைக்க ஆள் உண்டு. காரை மட்டும் ஞாயிற்றுக்கிழமை அவரே கழுவி, மெழுகு பாலிஷ் போட்டுத் தேய்ப்பார்.

வேறு ஆள் அதைத் தொட்டது ஆயுத பூஜை அன்று மட்டும்தான். அன்றைக்குத் தோட்டத்தில் பொட்டு வைக்காத இரும்பு கிடையாது. ஸ்டோரில் ரோலருக்குப் பொட்டு, எஞ்சினுக்குப் பொட்டு, செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்திக்குப் பொட்டு, கொழுந்துத் தராசுக்குப் பொட்டு, லாரிக்குப் பொட்டு. எங்கள் கராஜில் ஜாக்கிக்கும் ஸ்பானருக்கும் நாங்களும் வைப்போம். தோட்டத்தில் அந்த வேலை பெரிய கங்காணிக்கு உரியது. முத்துவீரன் கங்காணி கெட்டியாக அரைத்த சந்தனத்தைப் பித்தளைத் தட்டில் ஏந்தி, பெருவிரலால் எடுத்து அழுத்தி வைத்து, அதன் நடுவே குங்குமம் வைத்துக்கொண்டே போவார்.

அந்த வருஷம் துரையின் காருக்கும் வைத்தார். துரையே சம்மதித்தார். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சீனிக் கதை வந்த வழி

கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கென்று கொஞ்சம் கழிப்பார்கள். மழை நாளில் கழித்தால் சரி. அந்த வருஷம் வெயில் நாளிலும் கழித்தார்கள். கமிட்டித் தலைவர் என்ற முறையில் சவரிமுத்து ஆபீஸ் வாசலில் நின்று கேட்டார். "இலையில தண்ணி இல்லீங்க தொரை. வேர்வைதான் இருக்கு. அதையுமா கழிப்பீங்க?" என்று கேட்டாராம். பெண்கள் அதைப் பல நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

கங்காணிக்கு அது பொறுக்கவில்லை. யூனியன் வருவதற்கு முன்னால் தொழிலாளர் குடியிருக்கிற லயத்தில் எவனுக்கு என்ன வேண்டும் என்றாலும் அவர் வாசலில்தான் நிற்க வேண்டும். இப்போது ஜனங்கள் சவரிமுத்துவின் காம்பராவைத் தேடிப் போனார்கள். ஒரே அறையில் அரிசியும் பிள்ளைகளும் மாதா படமும் இருக்கும் அந்தக் காம்பராவில்தான் கமிட்டிக் கூட்டம்.

முடக்கில் நின்ற பிறகும் துரையின் கார் கிளப்புக்குப் போகிற வழியில் நின்று நின்று போனது. தோட்டத்துக்குள் சுற்றினால் நிற்காது. தூரம் போனால் நிற்கும். கொஞ்ச நேரம் விட்டால் தானாகக் கிளம்பும். துரையின் கூட்டாளிகளும் கேலி செய்யத் தொடங்கினார்கள்.

அப்போதுதான் கங்காணி ஆபீசுக்குப் போய்ச் சொன்னார்: கார் ஷெட்டும் லாரி ஷெட்டும் ஒரே சுவர், சவரிமுத்து தராசுச் சண்டைக்குப் பழி வாங்க டாங்கியில் சீனி போட்டிருப்பான். பார்த்தேன் என்று அன்று சொல்லவில்லை. "போட்டிருப்பான்" என்றார். சில நாளில் அது "போட்டான்" ஆகிவிட்டது. மைக் கிடைத்ததும் "நான் புடிச்சேன்" ஆகிவிட்டது.

இனி லாரி ஓட்டாதே என்று துரை சவரிமுத்துவை இறக்கினார்.

அவர் நேராக எங்கள் கராஜுக்கு வந்தார். கறுப்புக் கோட்டில் மழைத்தண்ணி சொட்டியது. "எங்க வீட்டுப் புள்ளைக கருப்பட்டித் துண்டக் கடிச்சுக்கிட்டுத் தேத்தண்ணி குடிக்குதுக. இதுல தொரை காருக்கு நானு சீனி போட்டேனாம். அம்புட்டு சீனி எங்க வச்சிருக்கேன்னு கேட்டுச் சொல்லு தம்பி, போயி எடுத்துக்கிறேன்."

சிரித்தார். கராஜுக்கு வந்திருந்த ஒரு லாரியின் பானட்டில் உள்ளங்கையை வைத்துச் சூடு ஏற்றிக்கொண்டே நின்றார்.

தேடிக் களைத்தது

துரை கராஜுக்கு ஆள் அனுப்பினார். எங்கள் முதலாளி சிங்களவர், நல்ல மனுஷர். "காளிமுத்து, ஏக்கட்ட அத்த தான்ட எப்பா" என்றார். அதில் கை வைக்காதே என்று அர்த்தம். எஞ்சினைச் சொல்லவில்லை. தோட்டத்துச் சண்டையைச் சொன்னார். நான் போனேன்.

துரை சொன்ன முதல் வார்த்தை: "சீனி எடுத்துக் காட்டு."

காரில் என்ன கோளாறு என்று பார் என்று சொல்லவில்லை. சீனி எடுத்துக் காட்டு.

சீனி பெட்ரோலில் கரையாது. டாங்கியின் அடியில் மணல் போலக் கிடக்கும். டாங்கி முழுவதையும் இறக்கி, வெள்ளைத் துணியில் வடித்தேன். துருவும் கொஞ்சம் பெயிண்ட் செதிலும் வந்தன. அதை நாக்கில் வைத்துப் பார்த்தேன். இனிக்கவில்லை. அன்று முழுக்க ஏப்பம் விட்டால் பெட்ரோல் நாற்றம்.

அப்புறம் பிளக்குகளைக் கழற்றினேன். பாயிண்டைத் தேய்த்து இடைவெளி சரி செய்தேன். காயிலை மாற்றினேன். இரண்டு கார்புரேட்டரையும் பிரித்து, ஊசி, மிதவை, குழாய் எல்லாம் ஊதிப் பார்த்தேன். பெட்ரோலை இழுக்கிற கரண்ட் பம்பைக் கழற்றிப் பூட்டினேன். சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்று அது அடிக்கும், நிறைந்ததும் நிற்கும். ஒரு குறையும் இல்லை.

முதுகு விட்டுப்போனது. அந்தக் குளிரில் இரும்பைப் பிடித்துப் பிடித்து விரல் மடக்க வரவில்லை. எதைத் தொட்டாலும் நன்றாக இருக்கிறது, ஆனால் கார் நிற்கிறது. மெக்கானிக்குக்கு இதைவிட அலுப்பான நிலைமை கிடையாது. உடைந்திருந்தால் மாற்றலாம். உடையாததை என்ன செய்வது?

இதில் இன்னொரு கொடுமை. நான் ஓட்டினால் கார் நிற்கவே நிற்காது. தலவாக்கலை போய் வருவேன். துரை ஓட்டினால் பாதி வழியில் நிற்கும். "காருக்கு உன் மேல் பயமா?" என்று கேட்டார். அப்புறம் முகம் மாறியது. "நீயும் அவனும் சிநேகிதம். சீனியை நீ கழுவி விட்டாய்."

நான் ஓட்டும்போது ஏன் நிற்கவில்லை என்று பின்னால்தான் விளங்கியது. எங்கள் பக்கத்தில் வண்டி ஓட்டுகிற எவனும் டாங்கி மூடியைத் திறந்து ஒரு தேயிலைக் குச்சியை விட்டுப் பார்க்காமல் கிளம்பமாட்டான். பெட்ரோல் காட்டும் முள்ளை நம்பி ஏற்றத்தில் மாட்டிக்கொண்டவர்கள் நாங்கள். கிளம்பும்போது ஒரு குச்சி, ஏற்றத்துக்கு முன்னால் ஒரு குச்சி, திரும்பும்போது ஒரு குச்சி. கை தானாகச் செய்யும். செய்தோம் என்பதே ஞாபகம் இருக்காது.

துரை குச்சி விடமாட்டார். டாங்கியில் கீறல் விழும் என்று அவருக்குப் பயம்.

மூடி திறந்தபோது

கடைசியில் துரையே ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து நுவரெலியா ரோட்டில் ஏறினோம். கிளம்பும்போது குச்சியோடு பின்னால் போனேன். "குச்சி வேண்டாம்" என்றார். முதல் தடவையாகக் குச்சி விடாமல் அந்தக் காரில் ஏறினேன்.

ஏற்றத்தில் பாதி தூரம். எஞ்சின் இரண்டு தடவை இருமியது. பிறகு விட்டுவிட்டது. துரை பிரேக்கைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "இப்போ சொல்லு."

சாவி திரும்பியே இருந்தது. எஞ்சின் சத்தம் இல்லாததால் பம்ப் நன்றாகக் கேட்டது. டிக்... டிக்... ஒரு கிழவன் நடப்பது போல. அப்புறம் அதுவும் நின்றது.

எனக்கு வந்த கோபத்தில், கீறல் விழுந்தால் விழட்டும் என்று இறங்கி, ரோட்டோரத்தில் ஒரு குச்சியை முறித்துக்கொண்டு பின்னால் போய் மூடியைத் தூக்கினேன்.

உஸ்ஸ்ஸ் என்று காற்றை உள்ளே இழுத்தது டாங்கி.

அடுத்த கணம் முன்னால் பம்ப் டிக்டிக்டிக்டிக் என்று அடிக்க ஆரம்பித்தது. அதை யாரும் தொடவில்லை.

துரை திரும்பிப் பார்த்தார். "என்ன செய்தாய்?"

"மூடியத் தெறந்தேங்க."

கார் உடனே கிளம்பியது. மூடியை இறுக்கி மூடி ஓட்டினோம். கொஞ்ச தூரத்தில் செத்தது. திறந்தோம். உயிர் வந்தது. மறுபடி மூடினோம். மறுபடி செத்தது. துரைக்கே முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது. சின்னப் பிள்ளை போல, "இன்னும் ஒரு முறை, இன்னும் ஒரு முறை" என்றார். அந்தக் கொஞ்ச நேரம் அவர் துரையும் இல்லை, நான் மெக்கானிக்கும் இல்லை. ஒரு காரைப் புரிந்துகொண்ட இரண்டு பேர். அதை நான் மறுக்கவில்லை.

விஷயம் இதுதான். டின்பாலில் ஒரே ஒரு ஓட்டை போட்டுக் கவிழ்த்துப் பாருங்கள். பால் வராது. இன்னொரு ஓட்டை போட்டுக் காற்றை உள்ளே விட்டால்தான் வரும். டாங்கியும் அப்படித்தான். அதற்காக மூடியின் நடுவில் ஊசி நுழைகிற அளவு ஒரு துளை இருக்கும். அது அடைத்துப் போனால் பெட்ரோல் குறையக் குறைய உள்ளே காற்று இல்லாமல் போகும், பம்பால் இழுக்க முடியாது. கொஞ்ச நேரம் சும்மா விட்டால் எங்கேயாவது கசிந்து காற்றுப் போகும், கார் கிளம்பும். நடந்தது முழுக்க இதுதான்.

துளையை அடைத்தது எது? அதுதான் மிச்சம்.

ஷெட்டில் மூன்று பேர்

மூடியைத் தளர்த்திவிட்டு, துரையின் கைக்குட்டையால் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குத் திரும்பினோம். முத்துவீரன் கங்காணி பின்னேரம் கணக்குச் சொல்ல வந்து ஷெட் வாசலில் நின்றுகொண்டிருந்தார். கோட்டு, தலைப்பாகை, கையில் பிரம்பு. துரை அவரை உள்ளே கூப்பிட்டார்.

கார்புரேட்டர் குத்துகிற மெல்லிய கம்பியால் மூடியின் துளையைக் குத்தினேன். புழு மாதிரி ஒரு மஞ்சள் துணுக்கு வெளியே வந்தது. மெழுகு கலந்திருந்தது. நுனியில் குங்குமச் சிவப்பு. உள்ளங்கையில் வைத்து நசுக்கினேன். ஷெட்டின் பெட்ரோல் நாற்றத்துக்கு நடுவே சந்தனம் மணந்தது.

துரை குனிந்து மோந்து பார்த்தார். "என்ன இது?"

"சந்தனங்க. பூஜைச் சந்தனம்."

துரை கங்காணியைப் பார்த்தார். தன் பெருவிரலைத் தூக்கிக் காட்டினார். "நீ வைத்தாய். இங்கே ஒன்று, முன்னால் ஒன்று." பிறகு குரல் தணிந்தது. "ஞாயிற்றுக்கிழமை நான் துடைத்தேன். பாலிஷ் போட்டேன்."

அவர் மேலே இருந்த பொட்டைத் துடைத்திருக்கிறார். துளைக்குள் போனதை மெழுகால் பூசி மூடியிருக்கிறார்.

கங்காணி சொன்னார்: "சாமி பொட்டுங்க தொரை. நல்லதுக்குத்தான வச்சேன்."

"நல்லதுக்குத்தான் வச்சீங்க கங்காணி, யாரு இல்லேன்னா?" என்றேன் நான். "தெரியாம அடைச்சிருச்சு. யாரு மேலயும் குத்தமில்ல. சீனி இல்லேன்னு ஒரு வார்த்தை தொரைகிட்டச் சொல்லிடுங்க. அந்த மனுசன் லாரியில ஏறட்டும்."

"ஏம்பா மெக்கானிக்கு, நீ காரு ரிப்பேருக்கு வந்தியா, கமிட்டி பேச வந்தியா?"

"டாங்கிய வடிச்சேன். நாக்குல வச்சுப் பாத்தேன். சீனி இல்ல."

"ஒன் நாக்கு என்ன கோர்ட்டா?" என்று கேட்டுவிட்டு, துரை பக்கம் திரும்பி, பணிவாக, மெதுவாகச் சொன்னார்: "சந்தனமும் இருக்கலாங்க தொரை. சீனியும் இருந்திருக்கலாங்க. ஒண்ணு இருந்தா இன்னொண்ணு இருக்கப்படாதுன்னு இருக்குங்களா?"

பொய்யை எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இவ்வளவு நன்றாகப் பூட்டின பொய்யை அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

துரை என் உள்ளங்கையையே பார்த்தார். அவருக்குத் தெரியும். தெரிந்த முகம் எனக்குத் தெரியும். கடைசியில், "அவனை நீக்கும் பத்துச்சீட்டு நேற்றே எழுதிவிட்டேன்" என்றார்.

"கிழிச்சுப் போடுங்க தொரை."

"கிழித்தால் நாளைக்கு எல்லோரும் என்ன சொல்வான்? துரை தானே பாலிஷ் போட்டுக் காரை நிறுத்தினான், தானே தள்ளினான். சிரிப்பான்."

அந்த முடக்கில் கேட்ட சிரிப்பு அவர் காதைவிட்டுப் போகவே இல்லை. ஒரு குடும்பம் தெருவுக்குப் போவதைவிட அது அவருக்குப் பெரிதாக இருந்தது.

"நல்ல வேலை, மெக்கானிக்" என்று என் தோளில் தட்டிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போனார். கார் பிரமாதமாக ஓடியது.

யாரிடம்தான் சொல்லவில்லை

அன்றைக்கே ஏன் வாயைத் திறக்கவில்லை என்று யாராவது கேட்கலாம். திறந்தேன். ஹட்டனில் யூனியன் ஆபீசுக்குப் போய்ச் சொன்னேன். விசாரணையில் துரையே சொன்னால்தான் செல்லும் என்றார்கள். துரையிடம் கேட்டார்கள். அவருக்கு ஒன்றும் ஞாபகம் இல்லையாம். மாதா கோவில் சாமியாரிடம் சொன்னேன். ஜெபம் செய்வதாகச் சொன்னார். லயத்தில் சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். நம்பி என்ன? பத்துச்சீட்டு வந்தவனோடு நின்று பேசுவதற்கே பயம். தராசில் வெயில் நாள் கழிவு தொடர்ந்தது. கேட்க ஆள் இல்லை.

பத்துச்சீட்டு என்றால் வேலையோடு காம்பராவும் போய்விடும். கமிட்டித் தலைவர் என்று தெரிந்தால் வேறு தோட்டமும் எடுக்காது. பிரஜா உரிமையும் கிடைக்காதவர் எங்கே போவது? இந்தியாவுக்குத்தான். சவரிமுத்து இந்த மலையில் பிறந்தவர். அந்த ஊரைக் கண்ணால் பார்த்ததில்லை.

தலவாக்கலை ஸ்டேஷனுக்குப் போனேன். அவர் லாரி லாரியாகத் தேயிலைப் பெட்டி இறக்கிய அதே பிளாட்பாரத்தில், தன் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சம்சாரம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தார்.

"அண்ணே, சந்தனந்தாண்ணே. என் கையாலயே எடுத்தேன்."

"கேள்விப்பட்டேன் தம்பி. என் லாரிக்கும் அதே கையாலதான் பொட்டு வச்சாரு. நானு வேணாம்னு சொல்லல. மாதாவும் கோவிச்சுக்கல." ரயில் வருகிற திசையைப் பார்த்தார். "அங்க போயி என்னன்னு சொல்றது? பொட்டு வச்சதுல வேல போச்சுன்னா சிரிப்பாங்க. சீனி போட்டேன்னு போச்சுன்னா தள்ளி நிப்பாங்க. நீயே சொல்லு, எதச் சொல்லட்டும்?"

ரயில் வந்தது. பெட்டியைத் தூக்கிக் கொடுத்தேன்.

திருச்சிப் பக்கம் ஒரு அரிசி மில்லில் மூட்டை சுமந்தார் என்று கேள்வி. அப்புறம் ஒருநாள் செத்துப்போனார் என்று கேள்வி. மறுபடி ஸ்டேரிங்கைத் தொடவே இல்லையாம்.

ரோசம்மா கேட்டது

போன வாரம் அவர் மகள் ரோசம்மா அக்கரப்பத்தனையிலிருந்து பஸ் ஏறி என் கராஜுக்கு வந்தாள். அப்பா போவதற்கு முன்னமே கல்யாணம் ஆனதால் இங்கேயே தங்கிவிட்டவள். கொழுந்து எடுக்கிறாள். விரலெல்லாம் கறை.

அவள் புருஷன் லாரி ஓட்டத் தெரிந்தவன். தோட்டத்தில் டிரைவர் வேலை காலியாக இருக்கிறது என்று கேட்கப் போயிருக்கிறான். அறுபதாம் கல்யாணப் பேச்சு எல்லோர் காதிலும் விழுந்திருந்தது. "சீனிக்காரன் மருமகனுக்கு ஸ்டேரிங்கா?" என்று மலை வேலை பார்க்கிற கண்டாக்கு ஐயா, காலையில் ஆள் கூடுகிற பெரட்டில் எல்லோர் முன்னாலும் கேட்டாராம். அன்றிலிருந்து வீட்டில் புருஷன் அவளோடு பேசுவதில்லை.

"மாமா, எங்கப்பா போட்டாரா?"

"இல்லம்மா. போடல. சந்தனம் அடைச்சிருந்துச்சு. நானே எடுத்தேன். கங்காணி பக்கத்துல நின்னு பாத்தாரு."

நான் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் கராஜ் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவரு மைக்குல சொன்னாரு மாமா. நீங்க என் காதுல சொல்றீங்க."

அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு மைக் கிடையாது. இந்தப் பக்கம்தான் இருக்கிறது.

துரை சீமைக்குப் போய்விட்டார். காரை யாரோ கொழும்புக்காரர் வாங்கிப் போனாராம். ஷெட்டில் நின்ற மூன்று பேரில் மிச்சம் இரண்டு பேர். நீங்களும் நானும், கங்காணி. எனக்கும் வயதாகிவிட்டது. இதைத் தூக்கிச் சுமக்க இனிமேல் முதுகு இல்லை.

முத்துவீரன் கங்காணி அவர்களே, பொட்டு வைத்ததை நான் குற்றம் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, இன்றைக்கும் சொல்லவில்லை. நான் கேட்பது இதுதான். மூடியில் வைத்தது உங்கள் பெருவிரலா, இல்லையா? துளையிலிருந்து நான் எடுத்ததை நீங்கள் பார்த்தீர்களா, இல்லையா? சவரிமுத்து சீனி போட்டதை உங்கள் கண்ணால் கண்டீர்களா, இல்லையா? இதே பத்திரிகையில் உங்கள் பெயர் போட்டு எழுதுங்கள். எழுத இஷ்டம் இல்லாவிட்டால் தலவாக்கலையில் அதே மண்டபத்துக்கு வாருங்கள். அதே மைக்கைப் பிடியுங்கள். நானும் வருகிறேன்.

ரோசம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருப்பாள். அவள் முகத்தைப் பார்த்து, சீனி என்று இன்னொரு தடவை சொல்லுங்கள்.